சூளைக் குவியலில் எடுத்த மட்டி

விடுதியை மூடிய அன்று மற்றவர்கள் மெத்தைகளையும் மின்விசிறிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்காக எங்கள் ஒழுங்கையில் எனக்கு விசரி, பைத்தியம், என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும். அவர்கள் கொண்டுபோன மெத்தைகளை எல்லாம் பிறகு மூட்டைப்பூச்சி தின்றது.

நிலாவெளியில் கடலைப் பார்த்தபடி இருந்த சின்ன விடுதி அது. சண்டை தொடங்கியதும் வெள்ளைக்காரர் வருவது நின்றது. பிறகு கொழும்பு ஆட்கள் வருவதும் நின்றது. கடைசியில் வந்து தங்கியவர்களிடம் தங்கியதற்குக் காசு கேட்க முடியாது. அறை கூட்டுவதும் விரிப்பு மாற்றுவதும் என் வேலை. வரவேற்பறையில் நின்ற கடல்நீர்த் தொட்டியைத் துடைப்பது யாரும் சொல்லாமல் நானாக எடுத்துக்கொண்ட வேலை. முதலாளி கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று மீன், மட்டி எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக் கடலில் விட்டார். "வேணுமானதை எடுங்கோ, நீங்கள் எடுக்காட்டி வேற ஆக்கள் எடுப்பினம்" என்று சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறினார். நான் தொட்டியில் கை வைத்தேன். ஒருவரும் போட்டிக்கு வரவில்லை.

அந்தத் தொட்டியில் மீன்களைவிட எனக்குப் பிடித்தவை மட்டிகள். சேற்றில் பொறுக்கிக் கறி வைக்கிற மட்டி இல்லை. கடலுக்குள் பவளப் பாறையான முருகைக்கல்லில் ஒட்டிக்கொண்டு வளர்கிற பெரிய இனம். ஓட்டைத் திறந்து, தடித்த உதடு மாதிரிச் சதையை வெளியே விரித்து, வெயிலைப் பார்த்துக் கிடக்கும். "இது தீனி கேக்காது. இதின்ர சதைக்குள்ள பாசி மாதிரி ஒண்டிருக்கு. அது வெயிலைச் சாப்பாடாக்கிக் குடுக்கும்" என்று முதலாளி ஒருமுறை சொன்னார். நான் அதை மறக்கவில்லை. சோற்றுக்கு வரிசையில் நின்ற காலத்தில், சாப்பாடு கேட்காத உயிர் ஒன்று இருக்கிறது என்றால் யார் மறப்பார்கள்?

அங்கே இரண்டு மட்டிகள் இருந்தன. ஒன்று மயில்கழுத்து நீலம். வருகிறவர் எல்லாம் அதைத்தான் படம் பிடிப்பார்கள். மற்றது மண்ணிறம். டீசல் தட்டுப்பாடாகி, ஜெனரேட்டர் நின்று, தொட்டியின் மேல் எரிந்த விளக்கும் நின்றபோது நீலம் நடுவில் இருந்து வெளுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் வாயைப் பிளந்து நாறியது. மண்ணிறம் அந்த மங்கல் வெளிச்சத்திலேயே தன்பாட்டில் கிடந்தது. அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். வடிவுக்குச் செலவு அதிகம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு திருகோணமலை நகரில், கிழக்குப் பக்கம் பெரிய யன்னல் வைத்த சின்ன வீடு. தொட்டியை அந்த யன்னலடியில் வைத்தேன். வேலை போனபின் எனக்குச் சங்கக்கடையில் நிவாரண அரிசி நிறுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. என் கணவர் வெருகல் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போகத் தடை வந்தபின் மேசன்மாருக்குக் கையாளாகக் கல்லுக் கொத்தினார். கடற்காரனைக் கல்லுக் கொத்த வைத்த காலம் அது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். நான்தான் சொல்லுவேன், சத்தமாகச் சொல்லுவேன், அவர் யன்னலைச் சாத்துவார்.

துறைமுகத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். அதனால் தொட்டிக்கு வேண்டிய தண்ணீரை நிலாவெளிப் பக்கத்திலிருந்து கேன்களில் கொண்டுவந்தேன். வழியில் சோதனைச் சாவடி. பேருந்தை நிறுத்தி எல்லாரையும் இறக்கி நடக்கவிடுவார்கள். முதல்தரம் என் கேனைத் திறந்த ஆமிக்காரன் மண்ணெண்ணெய் என்று நினைத்தான். "முஹுது வத்துர" என்றேன், கடல்தண்ணி. நம்பவில்லை. என்னையே குடிக்கச் சொன்னான். குடித்தேன். கண்ணை அவனிடமிருந்து எடுக்காமல் இரண்டு மிடறு குடித்தேன். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் எனக்கு "வத்துர அக்கா" என்று பெயர். தண்ணி அக்கா. விசரி என்பதைவிட அது பரவாயில்லை.

தொட்டிக்குள் காற்று விடுகிற பம்பு மின்சாரம் இருக்கிறபோது ஓடும். இல்லாதபோது லொறி டியூப் ஒன்றைச் சைக்கிள் பம்பால் ஊதி, அதன் வாயில் மெல்லிய குழாயை மாட்டி, காற்றைத் தண்ணீருக்குள் கசியவிட்டேன். அது நானாகக் கண்டுபிடித்தது. தண்ணீர் தெளிந்தது. கல்லில் பாசி பிடித்தது. தொட்டி தயாராக இருந்தது, உள்ளே ஓர் உயிரும் இல்லாமல்.

அந்த நேரம்தான் மச்சாள் கண்ணாடிக்கு வந்தாள்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. வெருகலில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கை முனையில் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தாள். வடையும் ரொட்டியும் விற்பாள். பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் வந்து, சாப்பாட்டை ஈ மொய்க்க வைக்கக்கூடாது, கண்ணாடிப் பெட்டிக்குள் வை, இல்லாவிட்டால் கடையைப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிக்கு எங்கே போவது? குண்டுச் சத்தத்தில் நகரத்து யன்னல் பாதி உடைந்து, கடைகளில் கண்ணாடி என்ற பேச்சே இல்லாத காலம்.

மச்சாள் தொட்டிக்கு முன்னால் நின்றாள். விரலால் தட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, தண்ணியைத் தடவித் தடவிப் பாத்துக்கொண்டு இருக்கிறாய். மீனுமில்லை, மண்ணுமில்லை. இதை எனக்குத் தந்தால் நான் வடை வைப்பன். நாலு பேர் திம்பினம்."

"தரேலாது மச்சாள். மட்டி வைக்கப் போறன்."

"மட்டியோ? கடல் அந்தா கிடக்குது. அதுக்குள்ள கிடக்கிற மட்டிக்கு உன்ர வீட்டில கண்ணாடி மாளிகையோ?"

"ஓம்."

"தம்பி, உன்ர பெண்சாதிக்கு நீ ஒண்டும் சொல்லமாட்டியோ?"

என் கணவர் குசினிக்குள் போய்விட்டார். அது அவருடைய பழக்கம்.

மச்சாள் கேட்டது நியாயம்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வருடங்களில் நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்தோம்? எந்த வழியால் போவது, எத்தனை மணிக்கு வீட்டுக்குள் இருப்பது, எந்த அரிசி தின்பது, எல்லாம் வேறு ஆட்கள் தீர்மானித்தார்கள். சங்கக்கடையில் நானே வண்டு விழுந்த அரிசியை அளந்து கொடுத்துவிட்டு, "இதுதான் இருக்கு, எடுங்கோ" என்று சொல்லுகிறவள். ஒரே ஒரு பொருளையாவது நானாகப் பார்த்து, இது வேண்டாம் அது வேண்டும் என்று சொல்லி எடுக்க ஆசைப்பட்டேன். இதை மச்சாளுக்குச் சொன்னால் விளங்காது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஆடி அமாவாசை வரைக்கும் பொறுங்கோ. நான் கொண்டுவாற மட்டி அதுக்குள்ள செத்தால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கோ. சாகாட்டி இந்தப் பக்கம் கண்ணாடிக் கதை கதைக்கக்கூடாது."

"சத்தியமா?"

"சத்தியம்."

மச்சாள் போகிறபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. கடல் உயிரை வீட்டில் வைத்தால் சாகும் என்பது கடற்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா?

இறக்கக்கண்டிக் கரையில் ஒரு சுண்ணாம்புச் சூளை இருந்தது. கடலுக்கு விடுகிற நாட்களில் ஆட்கள் ஆழமில்லாத இடத்தில் முருகைக்கல்லைப் பெயர்த்துத் தெப்பத்தில் கட்டி இழுத்து வருவார்கள். எரிக்கும்வரை கல்லைக் கரையோரத் தண்ணீருக்குள்ளேயே குவித்து வைப்பார்கள். கல்லோடு சேர்ந்து நண்டு, சிப்பி, மட்டி எல்லாம் வரும். எல்லாம் எரியும். அந்தச் சுண்ணாம்பைத்தான் நாங்கள் சுவருக்கு அடித்தோம், அதைத்தான் வெற்றிலைக்கும் தடவினோம். மட்டி வேண்டுமென்றால் அங்கேதான் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு லீவு நாளில் கணவரையும் உளியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சூளைக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன தங்கச்சி, சுண்ணாம்போ?"

"இல்லை அண்ணே. மட்டி ஒண்டு வேணும்."

"கறிக்கெண்டால் கிண்ணியாப் பக்கம் போங்கோ. இதை அவிச்சால் செருப்பு மாதிரி இருக்கும்."

"கறிக்கில்லை. வளக்க."

"என்னது?"

"வளக்க அண்ணே. வீட்டில தொட்டி இருக்கு."

அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். "தம்பி, ஒரு நாய்க்குட்டி வாங்கிக் குடுத்திருக்கலாமே?"

"நாய் சோறு கேக்கும் அண்ணே" என்றார் என் கணவர். அன்றைக்கு அவர் எனக்காகப் பேசிய முதல் வார்த்தை அது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிக் குவியலைச் சுற்றிவந்தேன். சூளைக்காரர் ஒரு கல்லைக் காட்டினார். அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு நீல மட்டி. வெயில் பட்டு மின்னியது. நீலத்துக்குள் பச்சைப் பொட்டுகள். பார்த்தவுடன் கை நீட்டத் தோன்றும். கண்ணைக் கட்டி இழுக்கிற வடிவு.

"இதை எடுங்கோ. பாக்கிற ஆக்கள் வாய் பிளப்பினம்."

"ஓம், இதை எடு" என்றார் என் கணவரும். "வடிவாயிருக்கு."

நான் வெயிலுக்கும் அதற்கும் நடுவில் கையைக் கொண்டுபோனேன். நிழல் விழுந்தால் மட்டி மூடவேண்டும். அதன் உதட்டோரத்தில் கடுகு மாதிரிக் கண்கள் வரிசையாக இருக்கின்றன. மீனா, நண்டா, ஆளா என்று அதற்குத் தெரியாது, ஆனால் நிழல் வந்தால் மூடும். அதுதான் அதன் உயிர். நீலம் மூடியது, ஆனால் நித்திரையால் எழும்புகிற ஆள் மாதிரி மெல்ல மெல்ல மூடியது. பாதியில் நின்றது. நடுவில் தண்ணீர் இழுக்கிற துவாரம் அகலப் பிளந்தபடி இருந்தது. விடுதியில் செத்ததும் இப்படித்தான் பிளந்து கிடந்தது.

"இது வேண்டாம்."

"ஏன்?"

"ஏலாத மட்டி. வேண்டாம்."

அடுத்ததின் சதை நடுவில் வெளுத்திருந்தது. வேண்டாம். இன்னொன்றின் ஓடு நுனியில் உடைந்திருந்தது. வேண்டாம். சூளைக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் இருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். "மாப்பிள்ளை பாக்கிற மாதிரி எல்லோ பாக்கிறா" என்றார்.

"மாப்பிள்ளையை எனக்கு வீட்டில பாத்துத் தந்தவை. இதை நான் பாக்கிறன்."

என் கணவர் சிரித்துவிட்டார்.

குவியலின் அடியில், நிழல் பக்கமாக, ஒரு மண்ணிற மட்டியைக் கண்டேன். ஓட்டின் மேல் கூரை ஓடு அடுக்கினதுபோல் செதில் செதிலாக நின்றது. சதை தவிட்டு நிறம், அதில் மங்கலான மஞ்சள் கோடுகள். வடிவு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கையை அசைத்தேன். 'டக்' என்று மூடியது. மூடிய வேகத்தில் தண்ணீரைப் பீச்சி என் சட்டையை நனைத்தது. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தேன். மெல்லத் திறந்தது. திரும்பக் கையை அசைத்தேன். திரும்பவும் 'டக்'.

"இதுதான்."

"இதோ?" சூளைக்காரருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "தங்கச்சி, இது அழுக்கு நிறமெல்லோ."

"என்ர வீட்டில விளக்கு எரியாது அண்ணே. யன்னல் வெயில்தான். நிழலுக்குள்ள கிடந்து வளந்ததுதான் எனக்குச் சரி. பாருங்கோ, இதுக்குக் கோபமும் வருது."

அவருடைய வேலையாள் ஒருவர் கத்தியோடு வந்து, அதைக் கல்லில் இருந்து கிண்டி எடுக்கக் குனிந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் கத்தியைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டார். மட்டியின் அடியில் ஒரு துவாரம் இருக்கிறது. அதற்குள்ளிருந்து நார் நாராகக் கால் விட்டுக் கல்லைப் பிடித்திருக்கும். அந்த நாரைப் பிய்த்தால் உள்ளே காயம், கொஞ்ச நாளில் சாவு. விடுதிக்கு ஒருமுறை அப்படிப் பிய்த்து வந்ததை நான்தான் அள்ளிக் குப்பையில் போட்டேன்.

"கல்லோட வேணும். கல்லைக் கொத்துங்கோ" என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் உளியை எடுத்தார்.

"மெதுவா."

"எனக்குக் கொத்தப் படிப்பிக்காதை."

சரியாகக் கொத்தினார். மட்டியைச் சுற்றித் தேங்காய்ப் பாதி அளவு கல் கழன்று வந்தது. ஓட்டில் ஒரு கீறல் இல்லை. அவருடைய கையைப் பார்த்து அன்றைக்குப் பெருமைப்பட்டேன். அதையும் சொல்லவில்லை.

வாளியில் கடல்தண்ணீர் விட்டு, மட்டியை வைத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்தோம். சாவடியில் இறங்கி வரிசையில் நின்றோம். வழமையான ஆமிக்காரன் தள்ளி ஒரு கதிரையில் இருந்தான். சோதித்தது புதியவன், முகத்தில் மீசை சரியாக முளைக்காத ஒருவன்.

"மே மொனவாத?" இது என்ன என்று வாளியைக் காட்டினான்.

"பெல்லா" என்றேன். சிப்பி, மட்டி எல்லாவற்றுக்கும் அவர்கள் அதைத்தான் சொல்லுவார்கள்.

சாக்கை விலக்கினான். மட்டி திறந்து கிடந்தது. இப்படி ஒன்றை அவன் கண்டதில்லை போலும். துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, நன்றாகக் குனிந்து, முகத்தை வாளிக்கு மேலே கொண்டுபோனான். அவனுடைய நிழல் முழுவதும் மட்டியின் மேல் விழுந்தது.

'டக்.' தண்ணீர் நேராக அவன் கண்ணில் அடித்தது.

அவன் பாய்ந்து பின்னால் போனான். கை துவக்குக்குப் போனது. வரிசையில் நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். என் கணவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அப்போது கதிரையில் இருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். "வத்துர அக்காகே பெல்லா!" என்று கத்தினான். தண்ணி அக்காவின் மட்டி. மற்றவர்களும் சிரித்தார்கள். நனைந்தவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். அவனுக்கும் வாய் கோணியது. "யன்ன, யன்ன" என்று எங்களைக் கையால் தள்ளிவிட்டான், போ, போ.

பேருந்தில் திரும்ப ஏறினபிறகு பின் சீற்றில் இருந்த ஒரு மனுசி என் தோளில் தட்டி, "பிள்ளை, அதை வடிவாப் பாத்து வளத்தெடு" என்றாள். பேருந்தே சிரித்தது. அந்த வீதியில் ஆமிக்காரன் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுச் சுகமாக வீட்டுக்குப் போனது என் மட்டி ஒன்றுதான்.

தொட்டியில் வைத்த முதல் கிழமை நன்றாக இருந்தது. காலை வெயில் யன்னலால் விழும்போது சதையை ஓட்டுக்கு வெளியே விரித்தது. நான் வேலைக்குப் பிந்தினேன். பிறகு ஏதோ பிசகியது. விரிவது குறைந்தது. உதடு உள்ளுக்கு இழுபட்டு, ஓரம் சுருங்கி, கிழவியின் வாய் மாதிரி ஆனது. நிழல் காட்டினால் மூடியது, ஆனால் பழைய வேகம் இல்லை. தண்ணீரை மாற்றினேன். கல்லைத் திருப்பி வைத்தேன். லொறி டியூப்பை ஊதி ஊதித் தோள் வலித்தது. ஒன்றும் சரிவரவில்லை.

மச்சாள் ஒவ்வொரு காலையும் வடையோடு வந்தாள். வடை சாட்டு.

"என்ன புள்ள, இருக்கா போயிட்டுதா?"

"இருக்கு."

"வாய் வாடிப்போய்க் கிடக்கு. அமாவாசை வரைக்கும் தாங்குமோ?"

"உங்கட வடை தாங்குமோ எண்டு பாருங்கோ."

என் கணவருக்கு இதில் ஒரு கொள்கை இருந்தது. "வயித்துக்குள்ள மண். சூளையடியில குவியலுக்குக் கீழ கிடந்ததெல்லோ. கக்கினால் திறக்கும்" என்றார். அவர்கள் பக்கத்தில் களப்புச் சேற்றில் மட்டி பொறுக்கி வந்தால், ஓட்டைத் தேங்காய்த் தும்பால் உரஞ்சிக் கழுவி, உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மட்டி மண்ணைக் கக்கிவிடும். பிறகுதான் சட்டிக்குப் போகும். அங்கே பிறந்த எல்லாருக்கும் அது கைப்பழக்கம்.

"இது சேத்து மட்டியில்லை. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

பின்னேரம் வந்து பார்த்தால் தொட்டி வெறும் தண்ணீர். கிணற்றடியில் என் கணவர் குந்தியிருந்தார். முன்னால் அலுமினியப் பேசின். பேசினுக்குள் என் மட்டி. கையில் தேங்காய்த் தும்பு.

"என்ன செய்யிறீங்கள்?"

"மண் கக்க விட்டிருக்கிறன். இப்பதான் போட்டனான். ஒருக்கா உரஞ்சித் தண்ணியும் மாத்தினனான்."

"கிணத்துத் தண்ணியோ? கடல்ல பிறந்து வளந்த ஆள்தானே நீங்கள்! கடல் சாமானை நல்ல தண்ணிக்குள்ள போட்டால் சாகுமெண்டு தெரியாதோ?"

"எங்கட மட்டி ஒருநாளும் அப்பிடிச் சாகேல்லையே."

"உங்கட மட்டி கறியில செத்தது!"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். என் மட்டியைவிட மெதுவாக மூடினார். நான் கல்லோடு அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடித் தொட்டியில் வைத்தேன். ஓடு இறுக மூடியிருந்தது. சத்தம் போட்டு அழுதேன் என்று சிலர் கதை கட்டினார்கள். அழவில்லை. ஏசினேன். அவரை, மச்சாளை, சூளையை, தடை போட்டவர்களை, சண்டை பிடித்தவர்களை, ஒருவரையும் விடாமல் ஏசினேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

ஏசி முடித்துப் பேசின் தண்ணீரை ஊற்றப் போனேன். அடியில் குறுணி அரிசி மாதிரி வெள்ளையாக ஏதோ கிடந்தது. அரிசி கழுவின பேசினா என்று விரலால் தொட்டேன். அரிசி இல்லை. ஒன்றை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தேன். சுருள் சுருளாக முறுக்கின சின்ன நத்தை. அது மாதிரி இன்னும் பல. தும்பிலும் ஒட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, இதை எங்க இருந்து உரஞ்சினீங்கள்?"

"ஓட்டின்ர அடியில. கல்லும் மட்டியும் முட்டுற இடத்தில. நிறைய இருந்தது. ஏதோ ஊத்தை எண்டு நினைச்சன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சூளைக் குவியலிலேயே அவை ஒட்டியிருக்கவேண்டும். பகலில் அடியில் ஒளித்திருந்து, பிறகு மேலே ஏறி என் மட்டியின் உதட்டைக் குடித்திருக்கின்றன. நான் மேலே பார்த்தேன், அடியில் பார்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் பட்டதும் நத்தைகள் பிடி விட்டன. மட்டி ஓட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே இருந்தது.

அடுத்த நாள் காலை வெயில் யன்னலுக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் நின்றோம். முதலில் ஒரு கோடு மாதிரித் திறந்தது. பிறகு உதடு வெளியே வந்தது. பிறகு, சூளையடியில் கண்டதைவிட அகலமாக, ஓட்டின் இரண்டு பக்கமும் மடிந்து தொங்குகிற அளவுக்கு விரிந்தது. வெயில் பட்டதும் தவிட்டு நிறத்துக்குள் பொன் மாதிரிக் கோடுகள் தெரிந்தன.

"பாத்தியோ, நான்தான் காப்பாத்தினனான்" என்றார் என் கணவர்.

"நீங்கள் கறி வைக்கப் பாத்தீங்கள்."

"கறிக்கெண்டால் மிளகாய் அரைச்சிருப்பன்."

இன்றைக்கும் எங்களுக்குள் அந்த வழக்குத் தீரவில்லை. நத்தையைக் கழற்றியது அவர் கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தாங்கியது யார்? அந்த நீல மட்டியை அதற்குள் போட்டிருந்தால் அங்கேயே பிளந்திருக்கும். நிழல் பட்டவுடன் பூட்டிக்கொள்கிற வேகத்தைப் பார்த்துத்தான் நான் இதை எடுத்தேன். நல்ல தண்ணீர் உள்ளே போகாமல் அதே பூட்டுத்தான் காப்பாற்றியது. பிறகு வந்த கிழமைகளில் நானே அதைக் கொஞ்ச நேரம் கிணற்றுத் தண்ணீரில் வைத்து, அடியை உரஞ்சி, மிச்ச நத்தைகளையும் கழற்றினேன். மச்சாளுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி அமாவாசை அன்று கடலில் தீர்த்தம் ஆடிவிட்டு, ஈரத்தலையோடு மச்சாள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தொட்டியைத் தூக்கச் சாக்கும் கயிறும் கொண்டுவந்திருந்தாள். யன்னலடியில் வந்து நின்றவள் குனிந்து பார்த்தாள். மட்டி முழுக்க விரிந்து கிடந்தது. பொய்யாக ஏதும் செய்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்திருக்கவேண்டும், கையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனாள். 'டக்.' அவளுடைய தீர்த்தமாடின சேலையில் இன்னும் கொஞ்சம் கடல்தண்ணீர் பட்டது.

"சனியன்" என்றாள். அவள் சொன்னவிதம் ஏச்சு மாதிரி இல்லை.

"உயிரோடதானே இருக்கு மச்சாள்?"

"இருக்கு, இருக்கு. எனக்குக் கண் தெரியும்." கயிற்றைச் சுற்றத் தொடங்கினாள். "பி.எச்.ஐ. ஐயா வாற கிழமை வாறார். பூட்டச் சொன்னால் பூட்டுறன். ஒரு மட்டிக்காக."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வென்றது நான். ஆனால் கடையைப் பூட்டினால் அவளுக்கு வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். தொட்டிக்கு மேலே மூடியாக ஒரு முழுக் கண்ணாடித் தகடு கிடந்தது, விடுதியில் இருந்தபடியே. மட்டிக்கு அது தேவையில்லை. உப்புப் படிந்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டுதான் இருந்தது. அதை எடுத்துத் துடைத்து அவளிடம் நீட்டினேன்.

"முன்பக்கத்துக்கு இது போதும். மற்றப் பக்கங்களுக்குப் பலகை அடிக்கச் சொல்லுங்கோ, உங்கட தம்பி அடிப்பார்."

அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. கண்ணாடியைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அதென்ன புள்ள, ஓட்டின்ர கரையில வெள்ளையா?"

நானும் என் கணவரும் திரும்பிப் பார்த்தோம். செதில் ஓட்டின் விளிம்பைச் சுற்றி, நகத்தின் வெள்ளை அகலத்துக்கு, பாசி பிடிக்காத புத்தம்புது ஓடு. தினமும் பார்க்கிற எங்கள் கண்ணில் படவில்லை. அவள் கண்ணில் பட்டது.

"வளருது" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "மச்சாள், வளருது!"

"எவ்வளவுக்கு வளரும்?"

"தொட்டி காணாத அளவுக்கு வளரும்."

"அப்ப என்ன செய்வாய்?"

"பெரிய தொட்டி செய்வன்."

"அதுக்குக் கண்ணாடிக்கு எங்க போவாய்?"

நான் அவளுடைய கக்கத்தைப் பார்த்தேன். மச்சாள் சாக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல், ஒழுங்கையால் கெதியாக நடக்கத் தொடங்கினாள்.